முப்பத்தேழாம் நம்பர் கால்

சியோல் நகரத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, என் காலைத்தான் கூப்பிட்டார்கள். கால் தனியாகப் போக முடியாதே என்று நானும் கூடப் போய்வந்தேன்.

விஷயம் இதுதான். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். தையல் லைனில் பல வருஷம் குனிந்து உட்கார்ந்திருந்தவளை ஒருநாள் சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டு, காலை நீட்டச் சொல்லி டேப் வைத்து அளந்தார்கள். பெண்கள் ஷூ எந்த மாடலாக இருந்தாலும் முதல் சாம்பிளை முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்வார்கள். அந்த நம்பருக்குப் பிசகாமல் பொருந்துகிற பாதம் எனக்கு வாய்த்திருந்தது. அன்றிலிருந்து நான் 'ஃபிட்டிங் கால்'. புது மாடல் எது வந்தாலும் முதலில் என் காலில்தான் ஏறும். நடந்து பார்த்து, இங்கே பிடிக்கிறது, அங்கே இடிக்கிறது என்று நான் சொல்வேன். அதைக் கேட்டுத்தான் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் பாஷா பாய் தோல் வெட்டும் அளவைத் திருத்துவார், ஷூவை ஏற்றித் தைக்கிற பாத அச்சையும் திருத்துவார். நான் 'சரி' என்ற பிறகுதான் சரக்கு கப்பலேறும். லைனில் குனிந்திருந்த கழுத்து இப்படித்தான் கொஞ்சம் நிமிர்ந்தது.

போன வருஷம் கொரியாவுக்குப் பெண்கள் மலையேறும் ஷூ ஒன்று செய்து அனுப்பினோம். கொஞ்ச நாளில் புகார் வந்தது. ஏறும்போது சுகமாக இருக்கிறதாம், இறங்கும்போது கால் முன்னால் வழுக்கிப் போய் விரல் நகம் கறுத்துவிடுகிறதாம். நான் மறுபடி போட்டு சாம்பிள் ரூம் முழுக்க நடந்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் மாதனூர் பஸ்ஸில் வரும் பெண்களில் என் அளவு உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, வரப்பிலும் மேட்டிலும் போட்டு நடக்கச் சொன்னோம். அவர்களும் 'சூப்பரா கீதுக்கா' என்று திருப்பிக் கொடுத்தார்கள். பாஷா பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்களுக்கு லேஸ் கட்டத் தெரியலம்மா. நம்மள பேஜார் பண்றாங்க" என்றார்.

கம்பெனி இதையே நாசூக்காக எழுதி அனுப்பியது. அங்கிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: அந்தக் காலை அனுப்புங்கள், எங்கள் மலையில் ஏறி இறங்கட்டும்.

அடுத்த சீசன் ஆர்டர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அது போனால் அந்த லைனையே மூட வேண்டும். அந்த லைனில் இருப்பதெல்லாம் என் பஸ்காரிகள். விமானத்தில் ஏறுவதற்குள், வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற எங்கள் மெர்ச்சன்டைசிங் மேனேஜர் ஜெரால்ட் சார் இதை எத்தனை தடவை சொன்னாரோ, கணக்கில்லை.

சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் போலீஸின் கையிலிருந்த கருவி என் பாதத்தருகே கத்தியது. "இன்னாம்மா காலுல?" என்றாள். "மெட்டி" என்றேன். அவள் காலிலும் இருந்திருக்கும் போல, தலையை ஆட்டிப் போகச் சொன்னாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கருவிக்கு இருந்த புத்தி எங்கள் கம்பெனியில் யாருக்கும் இல்லை, என்னையும் சேர்த்து.

முதல் நாள் தூக்கமும் பசியுமாகப் போனது. அக்டோபர் மாதம், ஊரில் மழைக்கு முந்தின புழுக்கம். இங்கே வெளியே வந்ததும் மூக்கு நுனி சில்லிட்டது. ஜெரால்ட் சார் வேலூர்க்காரர், நல்ல உடம்பு, நல்ல மனசு, நடை மட்டும் ஆகாது. ஓட்டலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே வாசலில் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போய்த் தரையில் உட்கார வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஆளைப் பார்க்கும் முன் ஷூவைப் பார்ப்பார்கள். அலமாரியில் இருந்த ஒரு ஷூவின் அடித்தையல் அழகாக இருந்தது. கையில் எடுத்து, திருப்பி, வளைத்து, உள்ளே விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மாள் ஓடிவந்து பிடுங்கி வைத்தாள். அப்புறம் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள்.

சாப்பாடு நம்மைப் போலச் சோறுதான், ஆனால் கொதிக்கிற கல்சட்டியில் வருகிறது. சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். காரம் உண்டு, புளிப்பு உண்டு, எண்ணெய் கம்மி. முட்டைக்கோஸை மிளகாய்ப்பொடியில் ஊறவைத்து எல்லாவற்றோடும் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்துப்போனது, கேட்கக் கேட்கக் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியில் கடைக்கார அம்மாள் ஒரு கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஜெரால்ட் சார் தட்டிலிருந்த நீளமான கறித்துண்டைக் கடகடவென்று வெட்டிக் கொடுத்தாள். துணி வெட்டுகிற மாதிரியான அதே கத்தரிக்கோல். லைனில் நூல் வெட்டுகிற பெண்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அந்தப் புகார்க்காரி வந்தாள். பெயர் சூ-ஜின். என் வயதுதான் இருக்கும், வெயிலில் அடிபட்ட முகம், நேராகப் பார்க்கிற கண். வாங்குகிற கம்பெனியில் ஷூ தேர்வு செய்வது அவள் வேலை. கையில் இருந்த போனில் எழுதி ஆங்கிலமாக மாற்றிக் காட்டுவாள், எனக்குத் தெரிந்த ஃபாக்டரி இங்கிலீஷில் நான் பதில் சொல்வேன். அவளும் முப்பத்தேழாம் நம்பர் கால்தான். தன் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப்போன படத்தைக் காட்டினாள். ஜெரால்ட் சார் சிரித்துக்கொண்டே, லேஸை மேலே இன்னும் இறுக்கிக் கட்டிப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார்.

"நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து அந்த மலையில் ஏறுகிறேன். எனக்கு லேஸ் கட்டத் தெரியும்" என்றாள் சூ-ஜின்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் மலை ஏறுவீர்களா?"

ஏறுவேன் என்றேன். பச்சைப் பொய். எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். விடிந்தால் அதன் மேல்தான் வெயில் விழும். ஆனால் ஆடு மேய்க்கிறவர்களையும் கார்த்திகை தீபத்துக்குப் போகிறவர்களையும் தவிர யார் ஏறுகிறார்கள்? வேலை இல்லாமல் மலை ஏறுவது எங்கள் பக்கத்தில் பைத்தியக்காரத்தனம். ஆனாலும் அவள் காட்டிய அந்தக் கறுத்த நகம் எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. நான் சரி என்று சொன்ன ஷூ அது. நாளைக்கு உச்சிவரை ஏறி, இறங்கி, என் நகத்தைக் காட்டி இவள் வாயை அடைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு கட்டினேன்.

இரண்டாம் நாள் காலை ரயிலில் எங்களைச் சுற்றி மலையேறிகள்தான். அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்ற வயது. தொப்பி, கையுறை, முதுகுப்பை, ஊன்றுகோல் என்று எல்லாம் பளபளவென்று. கடைசியாக மாறின ரயிலுக்கு டிரைவரே கிடையாது. நான் முன்கண்ணாடி வழியாகச் சுரங்கத்தை வேடிக்கை பார்க்கலாம் என்று ஓடி ஏறிவிட்டேன். ஜெரால்ட் சார் வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டிய விதத்தில், நில் என்கிறாரா போ என்கிறாரா தெரியவில்லை. நம்ம ஊர் பஸ் என்றால் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தியிருப்பார். டிரைவரே இல்லாத வண்டியில் யாரிடம் சொல்வது? அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நின்றேன். அவர் அடுத்த வண்டியில் ஏறி, நான் நின்ற ஸ்டேஷனையும் தாண்டிப் போனார். கடைசி ஸ்டேஷனில் காத்திருந்த சூ-ஜின்தான் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றுசேர்த்தாள்.

மலைக்குப் பெயர் புக்கன்சான். நகரத்துக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், அது முடிகிற இடத்தில் பாறை. அடிவாரத்தில் வரிசையாகக் கடைகள்: ஷூ, தொப்பி, வேகவைத்த சோளம், கடற்பாசியில் சுருட்டிய சோற்று உருளை. சூ-ஜின் அந்த உருளை மூன்று பொட்டலம் வாங்கினாள். ஜெரால்ட் சார் தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முதல் படிக்கட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார், பக்கத்தில் ஒரு பலகாரக் கடையைப் பார்த்தார்.

"கோமதி, எனக்கு மூட்டு ஒத்துக்காது. நான் இங்கயே இருக்கேன். நீ மேல போய் போட்டோ எடு, கீழ வந்து ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்தத நான் பேசிக்கறேன்."

நான் போட்டிருந்தது எங்கள் ஷூ, உள்ளே தடித்த சாக்ஸ். சூ-ஜின் போட்டிருந்ததும் அதே மாடல், அதே நம்பர். இரண்டு பேரும் ஏற ஆரம்பித்தோம்.

முதலில் ஒரு புத்தர் கோயில்வரை நல்ல பாதை. அதற்குப் பிறகு கல்படி. ஆள் அடுக்கிய கற்கள், ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். மேப்பிள் இலைகள் சிவந்து கிடந்தன. என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு வாயால் மூச்சு வாங்கியது. இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டே போனார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"கிட்ட வந்துவிட்டீர்கள் என்கிறார்கள்" என்றாள் சூ-ஜின்.

"நிஜமா?"

"இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள்."

நம்ம ஊரில் வழி கேட்டால் 'தோ, இங்கதான்' என்று அனுப்புவார்களே, அதேதான். அதன் பிறகு யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. வழக்கம்போல கால்களைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஷூவில் ஒரு குறையும் இல்லை. பாதத்தைப் பிடித்த பிடி விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பழைய கோட்டைச் சுவர் ஒன்றின் வாசலைத் தாண்டியதும் படி முடிந்து மொட்டைப் பாறை வந்தது. சரிவில் இரும்புத் தூண்கள் நட்டு, இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு பக்கம் பார்த்தால் தலை சுற்றியது. பாதிச் சரிவில் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. சூ-ஜின் மேலே இருந்து கை நீட்டினாள். அவள் கையைப் பிடித்து உச்சிக்குப் போவதா? வேண்டாம் என்று தலையாட்டினேன். லைனை மூடினால் வீட்டுக்குப் போகப்போகிற ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு தூணாகக் கடந்தேன். பேர் தீர்வதற்குள் உச்சி வந்துவிட்டது.

மேலே ஒரு கொடி, அதோடு போட்டோ எடுக்க ஒரு வரிசை, யார் மடியிலும் ஏறிச் சாப்பாடு கேட்கிற பூனைகள். கீழே சியோல். ஷூ பெட்டிகளை குடோனில் அடுக்கி வைத்தது மாதிரி வீடுகள், கண்ணுக்கு எட்டிய மட்டும். நடுவில் ஆறு, அதில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதுவே பெரிய வேடிக்கை.

உட்கார்ந்து சோற்று உருளையைத் தின்னும்போதுதான் வலியைக் கவனித்தேன். ஷூ கடிக்கவில்லை, மெட்டி கடித்தது. இவ்வளவு ஏறியதில் பாதம் வீங்கியிருந்தது, மெட்டி வீங்குமா? சாக்ஸைக் கழற்றினேன். இரண்டு காலிலும் இரண்டாம் விரல் ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. என் மெட்டி மூன்று சுற்று, கனமானது. கல்யாணத்தன்று அம்மி மேல் காலை வைத்துப் போட்டது, அதன் பிறகு ஒருநாளும் கழன்றதில்லை.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த ஒரு பெரியம்மா என் விரலைப் பார்த்துப் பதறிவிட்டாள். எனக்கு ஒரு முழு வெள்ளரிக்காயைக் கொடுத்துவிட்டு, பையைக் குடைந்து முகத்துக்குப் பூசும் கிரீமை எடுத்தாள். சூ-ஜின் மொழிபெயர்த்தாள்: "இப்போது கழற்றாவிட்டால் கீழே போனதும் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். இவர் மகள் விரலில் மோதிரம் அப்படி மாட்டியதாம்."

மெட்டியைக் கழற்றுவது எங்கள் பக்கத்தில் எப்போது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டுகிறவர். ஊரில் அப்போது காலை நேரம், ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே கேன்களோடு போய்க்கொண்டிருப்பார். போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் என் போனில் கீழே வைஃபை கிடைத்தால்தான் பேச முடியும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் விரல் போனால் ஃபிட்டிங் காலும் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினேன். அந்தப் பெரியம்மா கிரீமைத் தடவி, மெல்லத் திருகித் திருகி, இரண்டையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தாள்.

சாக்ஸையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு, சூ-ஜினைவிட இறுக்கமாக லேஸ் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். கம்பிக் கயிற்றைத் தாண்டி, கோட்டை வாசலைத் தாண்டி, கல்படியில் கால் வைத்தேன். ஒவ்வொரு படிக்கும் பாதம் முன்னால் ஓடியது. விரல்கள் ஷூவின் மூக்கில் போய் இடித்தன. அடுத்த படியிலும் அதே கதை. நின்று, லேஸை அவிழ்த்து இன்னும் இறுக்கினேன். அப்படியும் இடித்தது.

சூ-ஜின் பின்னால் வந்து நின்றாள். "வழுக்குகிறதா?" என்றாள்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் சாம்பிளின்போது நடந்தது ஞாபகம் வந்தது. விரல்கள் மடங்குகிற இடத்தில் பிடிக்கிறது, உயரத்தைக் கொஞ்சம் ஏத்துங்க பாய் என்றேன். ஏற்றினார். இன்னும் என்றேன். இன்னும் ஏற்றினார். இப்போது சரி என்றேன். நான் தடித்த சாக்ஸ் போட்டிருந்ததால் உள்ளே இருக்கும் மெட்டி அவர் கண்ணிலேயே படவில்லை. என் புத்தியிலும் படவில்லை, ஏனென்றால் எனக்கு மெட்டியும் கால்தான். ஷூவை வாங்கி வரப்பில் நடந்து சூப்பர் என்று சொன்னார்களே, அத்தனை பேரும் கல்யாணமானவர்கள். அத்தனை பேர் காலிலும் மெட்டி. தெருவில் நடக்கிற ஷூவென்றால் இந்தச் சின்ன வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது. மெட்டி இல்லாத கால் மலை இறங்கும்போது அந்தச் சந்து போதும், பாதம் முன்னால் ஓடிவிடும். மாதனூர் பஸ்ஸுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு ஷூவை நாங்கள் கொரியா முழுக்க அனுப்பியிருந்தோம்.

இது என் நினைப்பு மட்டுமா, நிஜமா என்று பார்த்துவிட வேண்டும். விரல் வீங்கிக் கிடந்ததால் மெட்டியை மறுபடி போட முடியவில்லை. பின்னாலேயே இறங்கி வந்த அந்தப் பெரியம்மாவிடம் பிளாஸ்திரி இருந்தது. வாங்கி, சூ-ஜினை உட்காரச் சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கறுத்த நகத்தில் படாமல் அவள் இரண்டாம் விரலின் அடியில் பிளாஸ்திரியைச் சுற்றினேன். மெட்டி கனம் வரும்வரை சுற்றினேன், இரண்டு காலுக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருத்தர், அடிபட்டுவிட்டதா, மீட்புக் குழுவைக் கூப்பிடவா என்று கேட்டாராம்.

"இப்போது இறங்குங்கள்" என்றேன்.

இறங்கினாள். ஒரு திருப்பம் வரை போய் நின்றாள். திரும்பி மேலே ஏறி வந்தாள், மறுபடி இறங்கினாள், இந்த முறை வேகமாக, குதித்துக் குதித்து. கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"ஓடவில்லை" என்றாள்.

உள்ளங்கையை விரித்து மெட்டியைக் காட்டினேன். எங்கள் ஊரில் கல்யாணமான எல்லோரும் இதைப் போட்டிருப்போம், கழற்ற மாட்டோம் என்று சொன்னேன். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் பொத்தவும் முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் பாதி மலை பாக்கி இருந்தது, ஒவ்வொரு படியிலும் என் நகம் இடித்தது. மிச்சமிருந்த பிளாஸ்திரியை எனக்குச் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். இவள் நகம் எப்படிக் கறுத்ததோ அப்படியே என் நகமும் கறுக்கட்டும், ஊரில் காட்டுவதற்கு அதுதான் சாட்சி என்று தோன்றியது.

அடிவாரத்தில் ஷூவின் புழுதியை ஊதித் தள்ள காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வரிசையில் நின்று காலைக் காட்டுகிறார்கள். நான் வரிசையில் நிற்காமல் நேரே பலகாரக் கடைக்குப் போய் வைஃபை கேட்டேன். முதல் போன் வீட்டுக்காரருக்கு.

"இன்னா கோமதி, வண்டி ஓட்டிட்டு கீறேன். எதுனா அவசரமா?"

"ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான்."

"சும்மாவா? அங்கர்ந்தா?" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. வெங்காயத்தாள் போட்டு ஊத்தப்பம் மாதிரி சுட்டு வைத்திருந்த பெரிய அடையில் பாதியை நானே தின்றேன்.

ஜெரால்ட் சார் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "இத அந்தம்மாக்கு எதுக்கு சொன்ன?" என்றார்.

"அவங்க காலுல சுத்தி வச்சிதான் சார் கண்டுபிடிச்சேன். எப்பிடி சொல்லாம இருக்கறது?"

அடுத்து பாஷா பாய்க்குப் போட்டேன். சொல்லி முடிக்கும்போது அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம்தான் கேட்டது. அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று நினைத்தேன்.

"பாய்?"

"கேக்குறேம்மா. இத்தினி வருஷம் தோல்ல கைய வச்சிகினு இருக்கேன், இது தோணல பாரு." மெஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. தெரிஞ்சிருந்தாலும் நான் உன்ன கேட்டிருக்க மாட்டேம்மா. கட்டிக் குடுத்த பொண்ண பாத்து மெட்டிய கழட்டுன்னு எந்த வாயால சொல்றது?"

மூன்றாம் நாள் மாலை அவர்கள் ஆபீசில் உட்கார்ந்து பேசினோம். சூ-ஜின் சிரித்ததெல்லாம் மலையோடு போய்விட்டது. கடையில் இருக்கும் சரக்குக்கு உள்ளே தடியான அட்டை போட்டுச் சமாளிக்கிறேன், அடுத்த ஆர்டர் வேண்டுமென்றால் சாம்பிளைத் திருத்தி அனுப்புங்கள், நானே போட்டு ஏறி இறங்கிப் பார்ப்பேன் என்றாள். கடைசியாக ஒன்று சேர்த்துக்கொண்டாள்: "ஃபிட்டிங் செய்யும் கால் வெறும் காலாக இருக்க வேண்டும்."

வெளியே வந்ததும் ஜெரால்ட் சார் நிம்மதியாக மூச்சு விட்டார். "தப்பிச்சோம். போனதும் கல்யாணம் ஆகாத பொண்ணு ஒண்ண பாத்து அளவெடுத்துடலாம். நீ கவலப்படாத, உனக்கு லைன்ல பழைய மெஷினே குடுத்துடுவாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கணக்கு அதுதானே. ஆனால் எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பாதம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு ஆபீஸே காத்திருக்கும். அந்த ஒரு மரியாதைக்காக நான் எத்தனை வருஷம் உட்கார்ந்து தைத்திருக்கிறேன்? அந்த மலையில் நான் ஏறியது வேறு யாரோ என் இடத்தில் நிற்பதற்கா?

"வேணாம் சார். நானே கழட்டிக்கறேன்" என்றேன்.

"உங்க வீட்ல ஒத்துப்பாங்களா?"

போனை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் வைஃபை எட்டுகிற படிக்கட்டுப் பக்கம் போனேன். ஊரில் பால் வண்டி ஷெட்டுக்குத் திரும்புகிற நேரம். வீட்டுக்காரரிடம் முந்தின நாள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து ஒன்று விடாமல் சொன்னேன்: மலை, வீங்கின விரல், அந்தப் பெரியம்மா, பிளாஸ்திரி, ஜெரால்ட் சார் சொன்ன பழைய மெஷின். இனி ஃபிட்டிங் இருக்கிற நாளெல்லாம் மெட்டியைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும், முடிந்ததும் போட்டுக்கொள்வேன் என்றும் சொன்னேன். சாமியைக் கும்பிடாமல் வண்டியை எடுக்காதவர் அவர். வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

"நேத்து கழட்னப்பதான் போன் பண்ணியா?" என்றார்.

"அதுக்கு அப்புறம்."

"அப்ப ஒண்ணும் ஆவல இல்ல?"

"ஆவல."

"செரி. அங்க ஃபிட்டிங் எத்தினி மணிக்கு பண்ணுவாங்க?"

"காலைல, டீ பிரேக்குக்கு அப்புறம்."

"நீ கழட்டறதுக்கு முந்தி எனக்கு ஒரு ரிங் வுடு. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிக்கறேன். போட்டுகினு சொல்லு, எடுக்கறேன்."

ஊர் திரும்பியதும் பாஷா பாய் என் கறுத்த நகத்தைப் பார்த்தார், அச்சை எடுத்து இழைத்தார். புது சாம்பிளில் ஏறி இறங்கிவிட்டு சூ-ஜின் ஒரு படம் அனுப்பினாள். ஐந்து விரல், ஐந்தும் ரோஸ் நிறம். லைன் ஓடுகிறது. பஸ்காரிகள் எல்லோரும் இருக்கிறார்கள், மெட்டியோடு.

நேற்றும் ஒரு ஃபிட்டிங் இருந்தது. அது நீண்டுகொண்டே போனது. பாய்க்கு ஒரு ஓரம் பிடிக்கவில்லை, அவிழ்த்து மறுபடி தைத்தார். நான் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"இன்னா கோமதி, மூணாவது டீ குடிக்கறேன். பால் திரிஞ்சிடும் போல கீது. போட்டுக்கினியா இல்லியா?"